வாதமடக்கி

எங்கள் வீட்டில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று என் முழங்காலில். மற்றது என் கணவரின் வாயில்.

முழங்காலில் இருந்தது மழைக்கும் வாடைக்கும் மட்டும் கிளம்பும். அவருடையதற்குப் பருவம் கிடையாது. குலசிங்கம் கடற்படைத் துறையில் ஸ்டோர் கிளாக்கராக இருந்து, வெள்ளைக்காரர் போன பிறகும் சில காலம் இருந்து, ஓய்வு பெற்றவர். வாசிகசாலை விவாதங்களில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேசி வெல்லுவார். அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை நிறுத்திவிட்டு, புத்த சமயத்துப் போயா நாட்களுக்கு லீவு விட்ட காலம் அது. அதைப் பற்றி மட்டும் ஒரு மாதம் பேசினார், காலையில் ஆதரித்து, மாலையில் எதிர்த்து.

வீட்டில் சபையென்று நான் ஒருத்திதான். "முதலாவது" என்று சின்ன விரலை மடக்குவார். அவர் மூன்றாவது விரலுக்கு வரும்போது நான் முதலாவதற்கே மறுமொழி தேடிக்கொண்டிருப்பேன். நாலாவது விரலில் "ஓம்" என்று சொல்லிவிடுவேன். அது சம்மதமில்லை, களைப்பு. ஆனால் வெளியே வரும்போது இரண்டுக்கும் ஒரே சத்தம். இத்தனை வருடங்களாக எதற்கெல்லாம் ஓம் சொன்னேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுச் சுவரின் பச்சை நிறம் அதில் ஒன்று. எனக்குப் பச்சை பிடிக்காது.

அப்படிப்பட்ட எனக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு ஆசை வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் கட்டும் ஊஞ்சலில் பலகையின் ஓரத்தில் எழும்பி நின்று உழக்க வேண்டும்.

ஓர்ஸ் ஹில் மேட்டில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்தது யோகலிங்கத்தின் வளவு. அவன் துறைமுகத்தில் வேலை செய்கிறவன். வருடா வருடம் தன் புளியமரத்தில், கழித்துப் போட்ட கப்பல் கயிறு கொண்டு ஊஞ்சல் கட்டுவான். ஆட்களும் பொருட்களும் ஏறியிறங்கிய கயிறு. யானை ஏறினாலும் தாங்கும். நீட்டுப் பலகை. நடுவில் சின்னதுகள் இருக்கும். இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருத்தி முழங்காலை மடித்து நிமிர்த்த, பிறகு மற்றவள் மடித்து நிமிர்த்த, ஊஞ்சல் மேலே மேலே போகும். பலகையின் கீழே ஒரு சின்னக் கயிறு தொங்கும். தொடக்கத்தில் அதை இழுத்து விடவும், கடைசியில் பிடித்து நிறுத்தவும் கீழே ஒரு ஆள் வேண்டும்.

அந்தக் கீழே நிற்கிற ஆள் நான்தான். சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே, யார் வளவில் கட்டினாலும் நான்தான். "தங்கரத்தினத்தின்ர கை நல்ல பலமான கை" என்று யாரோ சொன்னார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பாராட்டு ஒரு ஆளை எவ்வளவு காலம் நிலத்தில் நிறுத்தி வைக்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மேலே உழக்குகிறவள் என் மச்சாள் கனகம்மா, என் கணவரின் அக்கா. கடலுக்கு அக்கரை கட்டைபறிச்சானிலிருந்து மோட்டார் லோஞ்சில் தயிர்ச் சட்டியோடு வந்து இறங்குவாள். அறுபது கடந்தவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினால் கீழே நிற்கிற பெடியள் விசிலடிப்பார்கள். முந்திய வருடம் நான் கயிற்றை இழுத்து விட்ட வேகத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். மச்சாள் மேலே போகிற போக்கில் சொன்னாள்:

"என்ன தங்கம், கயிறு பிடிக்கவும் ஏலாமப் போச்சோ? அடுத்த வருசம் உன்னைப் பலகாரத் தட்டுக்குக் காவல் வைப்பம், காகம் கலைக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துக்கொண்டு மண்ணைத் தட்டும்போதுதான் உள்ளே ஒன்று தெளிவாகச் சொன்னது. எனக்குக் கயிறு வேண்டாம். பலகை வேண்டும்.

இதை நான் முதலில் சொன்னது பல்கீஸிடம்.

பல்கீஸ் கடைத்தெருப் பக்கம், மகனோடு இருக்கிறவள். என் வயதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தொடங்கியது. இப்போது அவள் வீட்டில் மருந்துப் பொடி இடித்து, எங்கள் வயதுப் பெண்களுக்குக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரியில் "வயசு போனா அப்பிடித்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் நேரே அவளின் குசினிக்கு வருவார்கள். டவுனில் பாதி முழங்கால்கள் அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

"ஊஞ்சலா!" என்றாள். உலக்கையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காந்து ஆடவா, நிண்டா?"

"நிண்டு."

"அல்லாஹ்! புள்ள, உனக்குக் கக்கூசுக்குப் போய் எழும்பவே செவரு வேணும்!"

"அதுதானே உன்னட்ட வந்தனான்."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே அரிக்கன் சட்டிக்கு உளுந்தை எடுத்துப் போட்டாள். "மாசம் வாறது நிண்டு போனாப் பொறகு பொம்புளைட எலும்பு உளுத்த கம்பு மாதிரி. உளுந்து, எள்ளு, பெரண்ட. இந்த மூண்டும் வேணும். நான் தின்னாத ஒண்டையும் ஆருக்கும் குடுக்கிறல்ல. எனக்கும் முழங்கால் இரிக்கு."

அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. முழங்கால் மடியாததால் அவள் கதிரையில் உட்கார்ந்தபடி தொழுது கொண்டிருந்தாள். கதிரைத் தொழுகையும் ஏற்கப்படும் என்று பள்ளிவாசலில் சொன்னார்களாம். "ஏத்துக்குவான்தான். எனக்குத்தான் போதாம இரிக்கு. நெத்தி நெலத்தில படணும் புள்ள. உனக்கு ஊஞ்சல், எனக்கு நெலம்" என்றாள்.

கப்பல்துறைப் பக்கத்து வேலிகளில் படர்ந்த பிரண்டையை அவள் மருமகன் சாக்கில் கொண்டு வந்து போட்டான். கையில் எண்ணெய் பூசிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் கணு நீக்கி நார் உரித்தோம். எண்ணெய் பூசாமல் தொட்டால் கை அரிக்கும். பதப்படுத்தாமல் வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அதனால் சாப்பிடுகிற பிரண்டையை மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, நல்லெண்ணெயில் பொரித்து, வறுத்த உளுந்து, எள்ளு, மிளகு, சீரகத்தோடு இடித்தாள். இன்னொரு பக்கம் பச்சைப் பிரண்டையை ஒன்றும் செய்யாமல் அப்படியே காயவைத்து, வாதமடக்கி இலையோடு சேர்த்து இடித்தாள். அது பற்றுப் போடுவதற்கு. நல்லெண்ணெயில் குழைத்துச் சூடாக்கி முழங்காலில் பூச வேண்டும்.

இரண்டையும் இரண்டு பழைய பால்மாத் தகர ரின்களில் போட்டுத் தந்தாள். "ஒண்டு உள்ளுக்கு, ஒண்டு வெளிக்கு. மாத்திராத. வெளிக்குப் போடுறதை நாக்கில வச்சா முதல் கத்துவாய். மறுகா கத்தவும் ஏலாது."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பொடியைக் குசினித் தட்டில் மிளகு ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். சோற்றில் பிசைந்து சாப்பிட அதுதானே வசதி. பற்றுப் பொடியை அறைக்குள்ளே அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கட்டிலில் இருந்துதானே பூச வேண்டும்.

இவர் அன்றைக்கே குசினித் தட்டைக் கண்டுவிட்டார்.

"இஞ்சேர், இதென்ன புது ரின்?"

"மருந்து. முழங்காலுக்கு. உள்ளுக்கு ஒண்டு, வெளிக்கு ஒண்டு."

"முதலாவது, தேய்ஞ்ச எலும்பு திரும்ப வளராது. இரண்டாவது, உளுந்துதான் மருந்தெண்டா வடை விக்கிறவனெல்லாம் பயில்வானா இருக்க வேணும். மூண்டாவது, வெளியில பூசுறது உள்ளுக்குப் போகுமெண்டா, உள்ளுக்குத் தின்னுறது வெளியில வர வேணுமே!"

"ஓம்" என்றேன்.

"பொம்பிளையளின்ர நோவுக்குப் பொம்பிளையளின்ர மருந்து. என்னைப் பாரும். என்ர கால் ஆட்டுக்கால் மாதிரி உறுதியா இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு வாசற்படியில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்கிப் போனார். அதை நான் பார்த்தேன். பார்த்ததை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை போய் மாசி வந்தது. மத்தியானம் இவர் சாப்பிட்டு எழும்பிய பிறகு என் சோற்றில் முதல் பிடி பொடியும் நல்லெண்ணெயும். பின்னேரம் இவர் வாசிகசாலைக்குப் போன பிறகு பற்று. காலையில் பல்கீஸ் வீட்டுக்கு இறங்கிப் போய், திரும்ப மேடேறி வருவேன். அவள் வீட்டுக் கிணற்றுத் தூணை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு இருந்து எழும்பிப் பழகினோம். என் முழங்கால் கடகடவென்றும் அவளுடையது டிக் டிக் என்றும் சத்தம் போட்டன. "இது ரயிலு, அது மணிக்கூடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, ஒரு நாள் இரண்டு பேரும் எழும்ப முடியாமல் கிணற்றடி ஈரத்தில் இருந்துவிட்டோம். அவள் மகன் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினான்.

பொடியால் சுகம் வந்ததா, மேடேறி நடந்ததால் வந்ததா, சிரித்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நோவு போகவில்லை. ஆனால் முன்பு முழங்கால் எனக்குக் கட்டளை போடும். இப்போது நான் கேட்டால் அது யோசித்து மறுமொழி சொல்லத் தொடங்கியது. மருந்தைவிட இந்த மாற்றம்தான் எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. தனியாக அறையில் யன்னல் கம்பியைப் பிடித்து நின்று மடித்து நிமிர்வேன். நிமிரும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர் ஓடும். இன்னும் ஏறாத ஊஞ்சல் உள்ளே ஆடத் தொடங்கிவிட்டது.

பங்குனியில் ஒரு நாள் பல்கீஸ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "பட்டிச்சி புள்ள! நெத்தி பட்டிச்சி! ஆனா எழும்ப ஏலல்ல. அப்பிடியே கெடந்து சிரிச்சன். தொழுகையில சிரிச்சதுக்கு திரும்பத் தொழுதன், கதிரையில!" அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் நிறைந்தது. பிறகு இரண்டு பேரும் பாதி மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பைத்தியங்கள் மாதிரிச் சிரித்தோம்.

வருடப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது இவருக்குச் சொன்னேன். சொல்லாமல் ஏறலாம், ஆனால் பக்கத்து வளவில் முழு ஊரும் பார்க்க ஆடுவதை எப்படி மறைக்கிறது?

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. கனகாலத்துக்குப் பிறகு ஒரு நல்ல தலைப்புக் கிடைத்த சந்தோசம்.

"முதலாவது, விழுவீர். இரண்டாவது, விழுந்தா இடுப்பெலும்பு போகும். மூண்டாவது, இடுப்பு போனா கட்டில். கட்டிலுக்கு ஆர் சோறு கொண்டு வாறது? நாலாவது, பிள்ளையள் கொழும்பிலயிருந்து ஓடி வர வேணும். அஞ்சாவது," என்று பெருவிரலையும் மடக்கினார், "பேரப்பிள்ளை கண்ட மனுசி பலகையில ஏறி நிண்டு சேலை பறக்க ஆடினா ஊர் என்ன சொல்லும்?"

கை மூடியாகிவிட்டது. நான் ஓம் சொல்ல வேண்டிய நேரம். தொண்டை வரை வந்தது. எப்படியோ, "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். அடுப்பில் பால் இல்லை.

அவர் பின்னாலேயே வந்து, இல்லாத பாலைப் பார்த்தார். "சரி. வருசப்பிறப்பன்று அங்கை எல்லாருக்கும் முன்னால வைச்சுக் கதைப்பம். சபை தீர்க்கட்டும்."

அதுதான் எனக்குப் பயம். முழங்காலுக்கு ஒரு ரின் போதும். சபைக்கு முன்னால் இவர் ஐந்து விரலையும் மடக்கினால் நான் ஓம் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் குனிந்து அந்தச் சின்னக் கயிற்றை எடுப்பேன். பிறகு சாகும்வரை கயிறுதான்.

அந்தக் கிழமை வீட்டில் வேறொரு விசித்திரமும் நடந்தது. இவர் கிட்ட வந்தால் ரசம் வாசம் அடித்தது. மிளகும் சீரகமும். பக்கத்து வீட்டுப் பூனை இவர் கதிரையில் இருக்கும்போதெல்லாம் வந்து வேட்டியை மோந்தது. "இந்தச் சனியனுக்கு என்னில என்ன?" என்று கலைப்பார். எனக்கு வருடப்பிறப்புப் பலகார வேலை. யோசிக்க நேரமில்லை.

வருடம் காலையில் பிறந்தது. மச்சாள் முதல் நாளே வந்துவிட்டாள். தலையில் மருத்துநீர் வைத்து முழுகி, புதுச்சேலை உடுத்து, பொங்கிப் படைத்தோம். பல்கீஸ் தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பத்தோடு வந்து குசினி வாங்குப் பலகையில் இருந்தாள். மச்சாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"தம்பி எல்லாம் சொன்னவன். உண்மையாத்தான் ஏறப்போறியோ? பலகாரத் தட்டைக் காகத்துக்கே குடுத்திடுவமோ?"

நான் மறுமொழி சொல்லுமுன் அறைக்குள் அலுமாரிக் கதவு சத்தம் கேட்டது. பிறகு ஒரு கத்தல். மாடு கத்துகிற மாதிரி, ஆனால் பாதியில் யாரோ வாயைப் பொத்திய மாதிரி.

இவர் வெளியே வந்தார். வாய் திறந்தபடி. நாக்கு வெளியே. கண்ணால் தண்ணீர். இரண்டு கையாலும் தொண்டையைக் காட்டினார். பேச முயன்றார். "ங்ங்ங்" என்று மட்டும் வந்தது.

"என்ன திண்டனி, தம்பி?" மச்சாள் பதறினாள்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலுமாரியைக் காட்டினார். பற்றுப் பொடி ரின் திறந்திருந்தது. பக்கத்தில் கரண்டி. பல்கீஸ் ரின்னை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது வெளிக்குப் பூசுறதெல்லோ கிளாக்கர் ஐயா! பச்சப் பெரண்ட! இதை ஏன் தின்னீங்க?"

அவருக்கு அந்த நிலையிலும் தன் பக்கத்தை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அலுமாரியைத் திறந்தார். அதன் உள்ளே கையை விட்டுக் காட்டினார். உள்ளுக்கு. பிறகு தன் வாயைக் காட்டினார். உள்ளுக்கு. குசினித் தட்டை நோக்கி விரலை நீட்டினார். வெளிக்கு. பிறகு வேட்டியை உயர்த்தி, வீங்கியிருந்த முழங்காலைக் காட்டினார். அதில் ஒரு கிழமைப் பொடி, மிளகும் சீரகமும் எள்ளுமாக, காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

பூனைக்கு விளங்கியது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

அலுமாரிக்கு உள்ளே இருப்பது உள்ளுக்கு. வெளியே தட்டில் இருப்பது வெளிக்கு. எவ்வளவு சீரான தர்க்கம்! ஆட்டுக்கால் மனுசன் எங்கள் மருந்தைக் களவாகப் பூசியிருக்கிறார். ஊஞ்சலடியில் நொண்டாமல் நின்று என்னை வெல்ல வேண்டுமென்று அன்றைக்கு உள்ளுக்கும் எடுத்திருக்கிறார்.

பல்கீஸ் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. "பயப்படாதீங்க, உசிருக்கு ஒண்டுமில்ல. புளிக்கரைசலால கொப்புளிங்க, மறுகா மோரு. மத்தியானத்துக்குள்ள இறங்கிடும்." சொல்லி முடித்ததும் அவளால் ஏலவில்லை. "வாதமடக்கி எண்டுதானே பேரு, தங்கம்! வாதத்தை அடக்கிட்டுது! என்ட மருந்து பலிச்சிட்டு!"

மச்சாள் முதலில் சிரித்தாள். பிறகு நான். இவர் ஒரு செம்பு புளித்தண்ணீரோடு நின்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஐந்து விரலுக்கும் போதுமான விஷயம் இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் வாய் இல்லை.

கொப்புளித்து, மோர் குடித்து, மூச்சுச் சீராக வருகிறது என்று பல்கீஸ் பார்த்த பிறகுதான் புளியமரத்தடிக்குப் போனோம். நான் வீட்டில் இருப்போம் என்றேன். இவர்தான் முன்னால் நடந்தார், வீங்கின உதட்டோடு. வாய் போனாலும் விரல்கள் இருக்கின்றன என்று நினைத்தாராக்கும்.

யோகலிங்கம் கயிற்றை இழுத்துப் பார்த்து, "தங்கமக்கா, கப்பல் முடிச்சு, பயமில்லாம ஏறுங்கோ" என்றான். சனம் கூடியிருந்தது. கனகம்மா மச்சாள் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு ஓரத்தில் ஏறி நின்றாள்.

"சபையோரே! என்ர தம்பிக்கு ஒரு ஆட்சேபம் இருக்காம். கதை தம்பி!"

இவர் முன்னே வந்தார். சின்ன விரலை மடக்கினார். "ங்ங்" என்றார். சபை காத்திருந்தது. மோதிர விரலை மடக்கினார். "ங்ங்ங்." ஒரு குழந்தை சிரித்தது.

அந்த நேரத்தில் நான் சட்டென்று ஏறியிருக்கலாம். ஏறத்தான் காலை எடுத்தேன். அப்போது ஒன்று நடந்தது. அவர் வாய் மூடியிருக்க, என் தலைக்குள்ளே அவர் குரல் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. முதலாவது, விழுவீர். இரண்டாவது, இடுப்பெலும்பு. ஒரு சொல் பிசகவில்லை. இந்த மனுசனுக்கு வாய் எதற்கு? இவ்வளவு காலமும் அவர் எனக்குள்ளே இருந்துதானே பேசியிருக்கிறார். அவரை ஊமையாக்கி ஏறினால் மேலேயும் அந்தக் குரல் கூட வரும். பலகையில் எனக்கும் மச்சாளுக்கும் நடுவில் அதுவும் இருந்து ஆடும்.

நான் திரும்பிச் சபையைப் பார்த்தேன். என் சின்ன விரலை மடக்கினேன்.

"இவருக்குத் தொண்டை சரியில்லை. இவர் சொல்ல வந்ததை நான் சொல்லுறன். முதலாவது, நான் விழுவன். இரண்டாவது, விழுந்தா இடுப்பெலும்பு போகும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். சரி, சரி.

"மூண்டாவது, கட்டிலுக்குச் சோறு கொண்டு வர ஆளில்லை. நாலாவது, பிள்ளையள் ஓடி வர வேணும்."

உற்சாகமாகத் தலையாட்டினார். தன் வாதத்தை வேறொருவர் வாயால் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அவருக்கே பிடித்துப்போனது.

"அஞ்சாவது, ஊர் என்ன சொல்லும்." என் கை மூடியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஊர் முறுக்குத் தின்றுகொண்டு நின்றது. "எல்லாம் சரி. ஒண்டுக்கும் என்னட்ட மறுமொழி இல்லை. விழுந்தாலும் விழுவன்."

மூடிய கையை விரித்தேன்.

"எனக்கு ஏற விருப்பம்."

அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்ன வசனத்தை இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தொண்டையில் ஒரு அரிப்பும் இல்லாமல் வழுக்கி வந்தது.

இவர் விரலை மடக்கப் போனார். எந்த விரல் என்று தெரியாமல் நிறுத்தினார். 'எனக்கு விருப்பம்' என்பதற்கு எதிர்ப்பக்கம் எப்படிப் பேசுவது? விருப்பமில்லை என்றா? அது அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு நண்டு மாதிரிப் பக்கவாட்டாக நடந்து வந்து, குனிந்து, பலகைக்குக் கீழே தொங்கிய சின்னக் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

நான் ஏறினேன். முழங்கால் யோசித்தது. ஓம் என்றது.

"நடுவில ஆள் போதாது, பலகை துள்ளும்" என்று யோகலிங்கம் சொன்னான். வட்டிலப்பம் கொடுக்கவென்று வந்த பல்கீஸைப் பெடியள் பிடித்து நடுவில் இருத்திவிட்டார்கள். "எனக்கு நெலந்தான்டா வேணும், நெலந்தான்!" என்று அவள் கத்தக் கத்த, இவர் கயிற்றை இழுத்து விட்டார்.

முதலில் மச்சாள் உழக்கினாள். பின்னால் போனேன். வயிறு என்னோடு வரவில்லை, கீழே நின்றுவிட்டது. பிறகு என் முறை. மடித்தேன். கடகட. நிமிர்ந்தேன். பலகை போனது. நான் அனுப்பிய பக்கம் போனது! மறுபடியும் மடித்தேன். காற்று சேலைக்குள் புகுந்தது. நெருப்பாக நொந்தது, நொந்தாலும் அது என் நோவு, நான் கேட்டு வாங்கியது. யோகலிங்கத்தின் கூரை கீழே போனது. கூரைக்கு அப்பால் உள்துறைமுகம் எழும்பியது, ஒரு கப்பலோடு. இறங்கும்போது கப்பலைக் காணவில்லை. ஏறும்போது திரும்பவும் கப்பல். இத்தனை வருடமும் கயிற்றைப் பிடித்துக் கீழே பார்த்தபடி நின்றேன். இங்கிருந்து கப்பல் தெரியும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தலை சுற்றியது. சிரிப்பு வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"காணும் தங்கம், போதும்!" மச்சாள் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தினாள். "காணும்! எனக்கு ஏலாது! நிப்பாட்டு!"

"நிப்பாட்டுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது மச்சாள்! உழக்கத்தான் பழகினனான்!"

"யா அல்லாஹ், ரெண்டு பைத்தியத்துக்கு நடுவில வச்சிட்டியே!" என்று பல்கீஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஓதியபடியே சிரித்தாள். சிரித்தபடியே, "இன்னும் கொஞ்சம், புள்ள!" என்றாள்.

நான் மடித்தேன், நிமிர்ந்தேன்.

கீழே புளியமர வேரில் கயிற்றோடு நின்றவரின் தொண்டை அப்போதுதான் மெல்லத் திறந்திருக்க வேண்டும். கரகரவென்று, மோரும் புளியும் கலந்த குரலில், "முத... முதலாவது!" என்று கேட்டது.

இரண்டாவது என்ன என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் மேலே போய்விட்டேன்.